குறைஞ்ச விலைன்னா யாருக்கு லாபம்?

குரோம்பேட்டை மக்களே! ரோடு, மழைநீர் வடிகால் எதுவானாலும் குறைந்த விலை கேட்டவருக்கே டெண்டர். ஏன்னு கேட்டா "சட்டம் அப்படித்தான்" என்கிறார்கள். பாதிதான் உண்மை.

தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, பிரிவு 10-ஐ முழுசா படிங்க. ஆவணத்தில் சொன்ன, அளவிடக்கூடிய அம்சங்களுக்கு ஒப்பு மதிப்பு கொடுத்துத்தான் குறைந்த டெண்டரைக் கண்டுபிடிக்கணும். ஒன்றிய நிதியமைச்சகமே 2021 அக்டோபரில், தேர்ந்தெடுத்த கட்டுமானப் பணிகளில் தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் தரலாம்னு சொல்லிடுச்சு.

ராதா நகர் சுரங்கப்பாதைக்கு வருஷக்கணக்கா காத்திருந்த ஊர் இது. தாமதத்தோட விலை எந்த டெண்டர் கணக்கிலும் வராது!

முந்தைய வேலையை நேரத்துக்கு முடிச்சாரா, எத்தனை வருஷம் பராமரிப்பார்? தாம்பரம் மாநகராட்சி இதுக்கெல்லாம் முன்கூட்டியே மதிப்பெண் அறிவிக்கணும். யாருக்கு எவ்வளவுன்னு இணையத்தில் போடணும். இல்லேன்னா 'தரம்'ங்கிற பேர்ல வேண்டப்பட்டவருக்கே வேலை போயிடும்.