கோல்ஃப் மைதானமே இல்லாத ஊரில் ஆட்டத்தை மேம்படுத்த முடியுமா? அதிதி அசோக் காட்டும் வழி | விளக்கம்

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், கோல்ஃப் பிரிவில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் கலப்பு அணிப் போட்டியும் இடம்பெறுகிறது. கோல்ஃப் மீது ஆர்வம் கூடும் நேரம் இது. ஆனால், ஆட இடம்?

சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலைக்குப் போன இடத்தில் கோல்ஃப் பழகிய ஒருவர், விடுமுறைக்கு கடலூர் செம்மண்டலம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் மைதானம் கிடையாது. சென்னைக்குப் போக வேண்டும் என்றால் சுமார் 180 கி.மீ. அப்போ பயிற்சியை அப்படியே விட்டுவிட வேண்டியதுதானா? தேவையில்லை. ஏன் என்று பார்ப்போம்.

சென்னையிலேயே என்ன நிலைமை?

கிண்டி ரேஸ் கோர்ஸ் இருந்த சுமார் 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ரத்து செய்து, நிலத்தைக் கையகப்படுத்தியது. மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானமும் அந்த வளாகத்துக்குள்தான் இருந்தது. வெள்ளநீரைத் தேக்க குளங்கள், மக்களுக்குப் பூங்கா என்று அரசு அறிவித்தது. விவகாரம் நீதிமன்றத்துக்கும் போனது.

மழை வந்தாலே தண்ணீர் தேங்கும் நகரத்தில், சிலர் மட்டும் ஆடும் விளையாட்டுக்கு இவ்வளவு நிலம் தேவையா என்ற கேள்வி சும்மா ஒதுக்கித் தள்ளக்கூடியது அல்ல. நகரங்களில் நிலத்துக்கான போட்டி கூடக் கூட, மைதானத்தை மட்டுமே நம்பிப் பயிற்சி எடுப்பவருக்குச் சிக்கல்தான்.

பாதி ஆட்டம் எங்கே நடக்கிறது?

பொதுவாக ஒரு முழு ஆட்டம் என்பது 18 குழிகள், பார் 72. அதாவது, நன்றாக ஆடுபவர் 72 முறை பந்தை அடித்து முடிக்க வேண்டும் என்பது கணக்கு. குழி இருக்கும் கிரீன் பகுதிக்குள் வந்த பிறகு, ஒரு குழிக்கு 2 முறை உருட்டலாம் என்பதும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 18 குழிக்கு 36. சரியாகப் பாதி!

ஆனால், புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் நேரம் செலவழிப்பது டிரைவர் மட்டையால் தூரமாக அடிப்பதில்தான். அதற்கு 200 மீட்டர் திறந்தவெளி வேண்டும். பந்தை உருட்டும் பட்டிங்குக்கு 3 மீட்டர் தரை போதும்.

அதிதி அசோக் செய்தது என்ன?

2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக். பெங்களூருவைச் சேர்ந்த அதிதி அசோக் அப்போது உலகத் தரவரிசையில் 200வது இடம். கோவிட் பாதிப்பிலிருந்து மீண்டு வந்திருந்தார். டிரைவரில் அவர் அடித்த தூரம், களத்தில் இருந்த 60 பேரில் மிகக் குறைவானவற்றில் ஒன்று. ஆனாலும் 4வது இடம். வெண்கலப் பதக்கத்தை ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் தவறவிட்டார்.

தூரத்தில் இழந்ததை அவர் மீட்டது பட்டிங்கில். பலமாக அடிக்க முடியாதவர்களும் நம்பிப் பின்பற்றக்கூடிய வழி இது.

வீட்டிலேயே எப்படிப் பயிற்சி எடுப்பது?

நேராக உருட்ட: ஹாலில் ஜமுக்காளம் விரித்துக்கொள்ளுங்கள். வெறும் டைல்ஸ் தரையில் பந்து வேகமாக ஓடிவிடும். பட்டர் மட்டையின் தலை மட்டும் நுழையும் அளவுக்கு இரண்டு பொருட்களை வைத்து, நடுவில் இடிக்காமல் அடியுங்கள். ஒரு மீட்டர் தள்ளி காபி டம்ளரைப் படுக்க வைத்துக்கொள்ளலாம். கோல்ஃப் குழியின் விட்டம் 10.8 செ.மீ. டம்ளரின் வாய் அதைவிடச் சின்னது. இதில் பழகினால் குழி பெரிதாகத் தெரியும்.

வேகம் பழக: 3 மீட்டர் தள்ளி ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். பந்து துண்டின் மேல் போய் நிற்க வேண்டும். அதைத் தாண்டினாலும், முன்பே நின்றாலும் கணக்கில் வராது.

சிப்பிங்: மொட்டைமாடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை மெதுவாகத் தூக்கி வாளிக்குள் விழ வையுங்கள். உடம்பின் எடை முன்காலில் இருக்கட்டும். நிஜ கோல்ஃப் பந்து வேண்டாம். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு ஆபத்து!

மணல் ஷாட்: இங்கே கடலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மணலுக்குப் பஞ்சமில்லை. மணல் பள்ளமான பங்கரில் முதலில் அடிக்க வேண்டியது பந்தை அல்ல, அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும் மணலை. காலையில் ஆள் இல்லாத பக்கமாகப் போய், மணலில் ஒரு கோடு போட்டு, பந்து இல்லாமல் அந்தக் கோட்டில் மட்டை இறங்குகிறதா என்று பாருங்கள். கிளம்பும் முன் பள்ளங்களைச் சமன் செய்துவிடுங்கள்.

முன்னேறுகிறோமா என்று எப்படித் தெரியும்?

ஒரு நாள் ஸ்கோரை வைத்து முடிவு செய்யக் கூடாது. இதற்கும் அதிதியே உதாரணம். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3வது சுற்றில் 61 அடித்து 7 ஸ்ட்ரோக் முன்னிலை பெற்றார். மறுநாள் கடைசிச் சுற்றில் 77. தங்கம் கைநழுவி வெள்ளி கிடைத்தது. அதே மைதானம், அதே வீராங்கனை, ஒரே நாளில் 16 ஸ்ட்ரோக் வித்தியாசம்.

அதனால்தான் 2020இல் அறிமுகமான உலக ஹேண்டிகேப் முறை, கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8ஐ மட்டும் எடுத்து சராசரி பார்க்கிறது. ஒரு மோசமான நாள் உங்கள் தரத்தை முடிவு செய்வதில்லை.

நீங்களும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்துக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு குழிக்கும் எத்தனை பட், எத்தனை அபராத ஸ்ட்ரோக் என்று எழுதுங்கள். பந்து மரத்தடியில் மாட்டினால், இடுக்கு வழியாகக் கிரீனுக்கே அடிக்கும் ஆசையை விட்டு, பக்கவாட்டில் தட்டி வெளியே எடுங்கள். ஒரு ஸ்ட்ரோக் போகும், மூன்று மிஞ்சலாம்.

ஐந்தாறு ஆட்டம் எழுதினாலே, ஸ்ட்ரோக்குகள் எங்கே வீணாகின்றன என்பது தெரிந்துவிடும். 40 பட்டுக்கு மேல் வந்தால், புது டிரைவர் வாங்கும் பணத்தை மிச்சப்படுத்தலாம். உங்களுக்குத் தேவை ஹாலில் தினமும் 15 நிமிடம்தான்.