கூக்குரல் குற்றமா?

பூசைக்கு வருவோர் மறியலுக்குப் போகலாமா என்று நம் பங்குகளில் முணுமுணுப்போர் உளர். 2017இல் தமிழக உழவர் தில்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளுடன் 41 நாள் அமர்ந்து கடன் தள்ளுபடி வேண்டினர், நடுவணரசு இணங்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், பொதுத்துறை வங்கிகளைத் தூக்கி நிறுத்த 2.11 லட்சம் கோடி ரூபாய் மூலதனத் திட்டத்தை அவ்வரசே அறிவித்தது. வங்கிகள் நிலைக்கட்டும், நம் சேமிப்பும் அங்கேதான். ஆனால் அவற்றைச் சாய்த்த வாராக்கடனில் பெரும்பங்கு பெருநிறுவனங்களுடையதன்றோ? சிக்கனம் மட்டும் ஏழையிடம்! நூறுநாள் வேலைக்கு 2022-23இன் திருத்த மதிப்பீடு 89,400 கோடி. மறு ஆண்டு ஒதுக்கியதோ 60,000 கோடி. குச்சிக்கிழங்கு விலை சரிந்தால் தாலியை அடகுவைக்கும் சேலம், நாமக்கல் பெண்களுக்கு அந்தக் கூலியே அரிசி. நிலத்தை அடகுவைத்துத் தானியம் வாங்கியோர் கதறியபோது நெகேமியா அவர்களை அடக்கவில்லை. செல்வரை மக்கள்முன் நிறுத்தி, வயலையும் வட்டியையும் அன்றே திருப்பித் தரச் சொன்னார்.