சினை நண்டின் சேமிப்புக் கணக்கு

சந்தையில் நண்டு வாங்க வருபவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி கொடுக்கை மட்டும் பார்க்கும். கொடுக்கு தடியாக இருந்தால் பணத்தை நீட்டிவிடும். இன்னொரு கட்சி, “புரட்டிக் காட்டுங்க” என்று சொல்லி வயிற்றைப் பார்க்கும். வயிற்று மடல் கூர்மையான முக்கோணமாக இருந்தால் ஆண். அகன்று வட்டமாக இருந்தால் பருவத்துக்கு வந்த பெண். கடைக்காரர் கைவிளக்கை ஓட்டின் பின்பக்கம் பிடித்து, “உள்ளே ஃபுல்லா இருக்கு” என்று சொல்லும்வரை நகராதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது சதை அல்ல, சினை.

அந்தச் செம்மஞ்சள் கட்டியைப் பற்றித்தான் இந்த வாரம். நிகழ்ச்சியில் ஒரு நாள் நண்டு ரசம் பற்றிப் பேசப்போக, நேயர் ஒருவர் குரல்பதிவு அனுப்பியிருந்தார்: “தம்பி, ஓட்டுக்குள்ள இருக்கே, அது கொழுப்பா, முட்டையா? எங்க வீட்டுல ஆளுக்கொண்ணு சொல்றாங்க.” பாட்டு ஓடிக்கொண்டிருந்த மூன்று நிமிடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே கொஞ்சம் இடம் இருக்கிறது.

இரண்டும்தான் அம்மா. ஓட்டைத் திறந்தால் பழுப்பு மஞ்சளில் கூழாக இருப்பது நண்டின் கல்லீரல் மாதிரி. கல்லீரலும் கணையமும் சேர்ந்து செய்யும் வேலையை அந்த ஓர் உறுப்பே செய்கிறது. கொழுப்பைச் சேர்த்து வைக்கும் கிடங்கும் அதுதான். செம்மஞ்சளில் கெட்டியாக இருப்பது சினைப்பை. பெண் நண்டு முதிர முதிர, கிடங்கிலிருந்து கொழுப்பு சினைப்பைக்கு மாறுகிறது. முதலில் கண்ணாடிபோல நிறமற்று இருந்த சினைப்பை, வெளிர் மஞ்சளாகி, மஞ்சளாகி, கடைசியில் செம்மஞ்சளாகிறது. ஆக, நாம் சப்புக்கொட்டிச் சாப்பிடுவது, பிள்ளைகளுக்காக ஒரு தாய் கட்டி வைத்த கட்டுச்சோறு.

அந்தக் கட்டுச்சோற்றில் என்ன இருக்கிறது? வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பால்மாவு டின்னை எடுத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் டி.எச்.ஏ. என்று போட்டிருக்கும். மீன் எண்ணெய் மாத்திரைப் புட்டியில் அதோடு இ.பி.ஏ. என்றும் இருக்கும். ஒமேகா-3 குடும்பத்தைச் சேர்ந்த கொழுப்பு அமிலங்கள் இவை. நம் பிள்ளைகளின் மூளைக்கும் கண்ணுக்கும் நல்லது என்று நாம் காசு கொடுத்து வாங்கும் அதே பொருளைத்தான் தாய் நண்டும் முட்டைக்குள் வைக்கிறது. காரணமும் ஏறக்குறைய அதேதான். கரு வளரும்போது சில கொழுப்புகளை எரித்துத் தெம்பு எடுத்துக்கொள்கிறது. டி.எச்.ஏ. போன்றவற்றைக் கண்ணுக்கும் நரம்புக்கும் செல் சவ்வுக்கும் முடிந்தவரை மிச்சம் பிடிக்கிறது.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அராக்கிடோனிக் அமிலம். இதிலிருந்துதான் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்களைச் செய்கிறது. பேறுகாலத்தில் வலி வராவிட்டால் மருத்துவமனையில் வைக்கும் மருந்துகளில் இந்தக் குடும்பமும் ஒன்று. இறாலிலும் நண்டிலும் சினை முதிர்வதற்கு இவை உதவுகின்றன.

இதில் ஒரு சிக்கல். இந்தக் கொழுப்பு அமிலங்களைத் தேவையான அளவுக்குத் தானே தயாரிக்க நண்டுக்குத் தெரியாது. கொலஸ்ட்ராலைக்கூட அதனால் செய்ய முடியாது. அதையும் சாப்பாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். (நண்டு சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் ஏறும் என்று பயப்படும் நமக்கு இது ஒரு வேடிக்கை.) எல்லாம் தொடங்குவது கண்ணுக்குத் தெரியாத கடல் பாசியில். பாசியைச் சிப்பியும் புழுவும் சிற்றுயிர்களும் தின்ன, அவற்றை நண்டு தின்ன, கைமாறிக் கைமாறி வந்து சேர்கிற சொத்து அது. சினையின் செம்மஞ்சள் நிறமும் அதே வழியில் வந்ததுதான். பால்மாவு டின்களில் பலவற்றில் இருக்கும் டி.எச்.ஏ.யும் தொட்டியில் வளர்த்த நுண்பாசியிலிருந்து எடுத்ததே. நம் பிள்ளைக்கும் நண்டின் பிள்ளைக்கும் ஒரே மூலக்கடை.

நண்டின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அது செய்யும் பயணம். சேற்று நண்டு வளர்வது அலையாத்திக் காட்டில். நம் சுங்கை பூலோ மாதிரி இடங்களில். பெண் நண்டு ஓடு கழற்றிய மென்மையான நேரத்தில்தான் இணை சேர்கிறது. அதுவரை ஆண் நண்டு அதைச் சுமந்துகொண்டு காவல் காக்கும். பெற்ற விந்தைப் பெண் மாதக்கணக்கில் உடம்பில் சேமித்து வைத்து, மறுபடி இணை சேராமலே ஒன்றுக்கு மேற்பட்ட முறை முட்டையிட முடியும். சினை முற்றியதும் அது சேற்றை விட்டுக் கிளம்பி, உப்பு மிகுந்த வெளிக்கடலுக்குப் போகிறது. அங்கேதான் முட்டைகளை வெளியேற்றி வயிற்று மடலுக்கு அடியில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு தடவைக்குப் பத்து லட்சம், சில சமயம் அதற்குப் பல மடங்கு. நம் ஊர்ச் சூட்டில் பத்துப் பன்னிரண்டு நாள் சுமக்கும். அந்த நாள்களில் முட்டைக்குள் புதிதாக எதையும் ஊட்ட முடியாது. கட்டிக் கொடுத்தது கட்டிக் கொடுத்ததுதான்.

கைவிளக்கில் “ஃபுல்லா இருக்கு” என்று தெரிகிற நண்டு, இந்தப் பயணத்துக்கு மூட்டை கட்டி முடித்துக் கிளம்ப இருந்த நண்டு என்பதை இப்போது நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

சரி, பண்ணையில் வளர்த்தால் என்ன? கேட்க எளிது. தமிழ்நாட்டில் சீர்காழிக்குப் பக்கத்தில் தொடுவாய் என்ற கடலோர ஊர். அங்கே ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் சேற்று நண்டுக்கு ஒரு பொரிப்பகம் நடத்துகிறது. அங்கிருந்து தெற்கே போனால் தரங்கம்பாடி. இந்த இடப்பொருத்தம் சும்மா வந்ததல்ல என்று எனக்குத் தோன்றும். சேற்று நண்டு இனங்களில் ஒன்றுக்கு 1798இல் டென்மார்க்கின் ஃபாப்ரிசியஸ் வைத்த பெயரிலேயே தரங்கம்பாடி இருக்கிறது: சில்லா டிராங்குபாரிகா. அப்போது தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. சேற்று நண்டு ஓரினம் அல்ல, நான்கு இனங்கள் என்று விஞ்ஞானிகள் பிரித்துச் சொன்னது 1998இல். இருநூறு வருடம் எடுத்திருக்கிறது.

பொரிப்பகத்தில் தலைவலி குஞ்சுகளிடம்தான். முட்டையிலிருந்து வரும் குஞ்சு நண்டு மாதிரியே இருக்காது. முள்முள்ளாக, ஒரு மில்லிமீட்டர் அளவில் மிதக்கும். ஐந்து முறை உருமாறி, பிறகு ஆறாவதாக ஓர் உருவம் எடுத்து, அதற்கப்புறம்தான் நண்டாகும். ஒவ்வொரு மாற்றத்திலும் கூட்டம் கூட்டமாகச் சாகும். நூறில் பத்து தேறினால் பெரிய விஷயம். குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரைக் கொடுப்பார்கள். தூத்துக்குடி உப்பளங்களிலும் அது உண்டு. ஆனால் ஆர்ட்டீமியாவில் டி.எச்.ஏ. இல்லை என்றே சொல்லலாம். எனவே முதலில் ஆர்ட்டீமியாவுக்கு எண்ணெய்க் கரைசலை ஊட்டி, அதன் வயிற்றை நிரப்பி, பிறகு அதைக் குஞ்சுக்கு ஊட்டுகிறார்கள். இட்லி சாப்பிடாத பிள்ளைக்கு உள்ளே எதையாவது மறைத்துக் கொடுக்கிற கதைதான்.

இறால் பொரிப்பகங்களில் நடப்பது இன்னும் கொஞ்சம் மனதை உறுத்தும். சினை முதிராமல் தடுக்கும் ஹார்மோன் இறாலின் கண்காம்பில் சுரக்கிறது. கண்காம்பை எடுத்தால் சினை சீக்கிரம் முதிரும் என்று 1943லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தாய் இறாலின் ஒரு கண்காம்பை நசுக்கியோ வெட்டியோ எடுப்பது உலகமெங்கும் வழக்கமானது. கண்ணை எடுத்தால் அவசரப்படுத்தலாம். ஆனால் சேமிப்பில் இல்லாததை முட்டைக்குள் வைக்க முடியாதே. அதனால் தாய் இறாலுக்குக் கணவாய், சிப்பி, முக்கியமாகச் சேற்றுப் புழு கொடுக்கிறார்கள். அந்தப் புழுவில் நான் மேலே சொன்ன அராக்கிடோனிக் அமிலம் நிறைய. விளைவு, சென்னைக்கு வடக்கே எண்ணூர், பழவேற்காடு கழிகளில் புழுவைத் தோண்டி எடுத்து விற்பது ஒரு தொழிலாகி, செய்தித்தாள்களிலும் அடிபட்டது. பண்ணை இறாலின் முட்டைக்கும் ஏதோ ஒரு கழியின் சேறுதான் கொழுப்பு கொடுக்கிறது. “பண்ணையில் வளர்ந்தது, கடலுக்குப் பாதிப்பில்லை” என்று பொட்டலத்தில் படித்தால் நான் இனி அப்படியே நம்பமாட்டேன்.

சிங்கப்பூரர்களான நாம் இந்தச் சங்கிலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறோம். மிளகாய் நண்டு நம் ஊர்ப் பெருமை. நண்டு பெரும்பாலும் நம் ஊருடையது இல்லை. உணவுப் பட்டியலில் ‘ஸ்ரீலங்கா நண்டு’ என்று இருப்பது புத்தளம், மன்னார், யாழ்ப்பாணக் களப்புகளிலிருந்து வரும் சேற்று நண்டு. நல்ல பெரிய நண்டெல்லாம் சிங்கப்பூருக்கே போய்விடுகிறது என்ற ஆதங்கத்தில்தான் 2011இல் கொழும்பில் ‘மினிஸ்ட்ரி ஆஃப் கிராப்’ என்ற உணவகமே திறந்தார்கள். ஜெயவர்த்தனவும் சங்கக்காராவும் அதில் பங்காளிகள். பெண் நண்டைப் பிடிப்பதில் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பெண் சேற்று நண்டைப் பிடிக்கவே கூடாது. இந்தோனீசியா 2015இல் முட்டை சுமக்கும் நண்டுகளைப் பிடிக்கத் தடை போட்டது. பிறகு விதிகள் பலமுறை மாறின. என் கட்சியைக் கேட்டால், மிளகாய் நண்டுக்கும் ரசத்துக்கும் ஆண் நண்டே மேல். கொடுக்கில் சதை அதிகம், குழம்புக்கு இனிப்பு தருவதும் அந்தச் சதைதான். சினை நண்டை வருடத்தில் ஒரு விருந்துக்கு என்று வைத்துக்கொண்டால் நாக்கு ஒன்றும் கெட்டுப்போகாது.

இந்தக் கொழுப்பு வித்தை நண்டோடு முடிவதில்லை. நம் தென் தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்களும் முட்டைக்குள் கொழுப்பை அடைத்து வைக்கின்றன. மெழுகு போன்ற கொழுப்பு அது. அதனால்தான் முட்டைகள் மேலே மிதக்கின்றன. மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும் பௌர்ணமிக்குப் பிறகு, மூன்றாம் இரவிலிருந்து ஐந்தாம் இரவுக்குள், பல இனப் பவளங்கள் ஒரே நேரத்தில் முட்டைகளை வெளியே விடுகின்றன. சிங்கப்பூரில் இப்படி நடப்பது 2002இல்தான் ஆய்வுலகில் பதிவானது. சில ஆண்டுகளில் அது பங்குனி உத்திரப் பௌர்ணமியாகவே அமையும். செம்பவாங்கில் தோன்றி இப்போது யீஷூனில் இருக்கும் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் காவடி இறக்கி வீட்டுக்கு வந்து கால்வலி போவதற்குள், தெற்கே கடலுக்கடியில் இன்னொரு திருவிழா முடிந்திருக்கும்.

கடைசியாக, செம்பவாங் பூங்காப் படகுத்துறையில் மாலையில் நண்டுக்கூடு இறக்கும் அண்ணன்களுக்கும் அங்கிள்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டில் சில சமயம் பூ நண்டு, வயிற்று மடலுக்கு வெளியே பஞ்சுபோல முட்டையோடு ஏறி வரும். முட்டை மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருந்தால் இப்போதுதான் இட்டது, கொழுப்பு அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். சாம்பல் கறுப்பாக இருந்தால் சேமிப்பைச் செலவழித்தாயிற்று. அந்தக் கறுப்பு குஞ்சுகளின் கண். இன்னும் ஓரிரு நாளில் பொரித்துவிடும். அதில் நமக்குத் தின்ன எதுவும் இல்லை. அப்படியே தண்ணீரில் விட்டுவிடுங்கள். எறியாதீர்கள், மெதுவாக.