அசல் ருசி

கடையில் வாங்கிய மக்காச்சோள மாவில் டோர்ட்டியா தட்டி, காரமான அவரைக் குழம்போடு வைத்தேன். "கையால் அரைத்தால்தான் அசல் மெக்சிகோ ருசி" என்றார் விருந்துக்கு வந்த நண்பர். எந்தக் கையால்?

சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறிய சோளத்தை, 'மெட்டாட்டே' என்ற சரிவான கல்லின் முன் மண்டியிட்டு, தினமும் மணிக்கணக்கில் அரைத்தவர்கள் மெக்சிகோவின் பெண்கள். 20ஆம் நூற்றாண்டில் கிராமங்களுக்கு அரவை ஆலை வந்தபோது, ருசி கெட்டது, பெண்களும் கெட்டுப்போவார்கள் என்று புலம்பிய ஆண்கள் அங்கேயும் உண்டு. (அம்மிச் சட்னிக்கு உருகும் நம் வீட்டு ஆண்களில் எத்தனை பேர் குழவியைத் தொட்டிருக்கிறார்கள்?) 2010இல் யுனெஸ்கோ அந்தச் சமையலை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சிதான். தேய்ந்த முழங்கால்கள் எந்தப் பட்டியலில்?

நண்பருக்கு அசல்தான் வேண்டுமென்றால் சோளத்தை ஊறவைக்கிறேன், அம்மியும் இருக்கிறது. விடியுமுன் வரட்டும்.