அண்டை வீட்டாரும் குப்பையும்

தன் முற்றத்தைப் பெருக்கி அடுத்த வீட்டு வாசலில் தள்ளுவது சுத்தமாகாது. அசுத்தத்திற்கு இடமாற்றம் செய்வதேயாகும். போடிநாயக்கனூர் ஏலமலையின் அடிவாரத்திலுள்ள நகரம். சரிவில் மேல் வீட்டார் எறிவது மழை பெய்ததும் கீழ் வீட்டாரிடம் வந்து சேருகிறது; ஓடையில் விழுவது கொட்டகுடி ஆற்றின் வழியே வைகையை நாடுகிறது. வீசியெறிந்த சிரட்டையிலும் டயரிலும் தேங்கும் நீரில் டெங்குக் கொசு உற்பத்தியாகிறது. எறிந்தவர் வீடு, எறியாதவர் வீடு என்ற பேதம் அதற்கில்லை.

சட்டம் இல்லாமலில்லை. தெருவிலும் சாக்கடையிலும் நீர்நிலையிலும் குப்பை கொட்டலாகாதென்றும், வீட்டாரே தரம் பிரித்து ஒப்படைக்க வேண்டுமென்றும் 2016-ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதிகளே கூறின. ஆனால் வாசலுக்கொரு சேவகரை நிறுத்த எந்தச் சர்க்காராலும் இயலாது.

ஆகவே அண்டை வீட்டாரிடம் முதலில் இன்சொல்லே உரியது. வசைமொழி குப்பையை அகற்றாது, பகையையே வளர்க்கும். கேளாவிடில் தெருவார் கூடிச் சொல்லட்டும். அதற்கும் இணங்காவிடில் அனைவரும் கையொப்பமிட்டு நகராட்சிக்கு மனுச் செய்யட்டும்.

1901-ஆம் வருஷம் கல்கத்தா காங்கிரஸில் கக்கூஸின் அசுத்தத்தைக் கண்ட காந்தியடிகள், அது தங்கள் வேலையன்று எனத் தொண்டர்கள் மறுக்கவே, தாமே துடைப்பம் எடுத்தார். தேசத் தொண்டு பேசுவோர் அதைத் தம் தெருவிலிருந்தே துவக்குவார்களாக.