உதிரப்பட்டியும் கொடிநாளும்

போரில் உயிர்நீத்த வீரனின் குடும்பத்திற்கு நிலம் வழங்குவது பழந்தமிழகத்தின் வழக்கம். அந்நிலத்தை உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் கல்வெட்டுகள் குறிக்கின்றன. உதிரம், நெய்த்தோர் ஆகிய இரண்டிற்கும் குருதி என்பதே பொருள். சிந்திய குருதிக்கு ஊர் பட்ட கடன் அந்நிலம் என்பது பெயரிலேயே விளங்கும். அது இரக்கத்தால் இட்ட பிச்சையன்று.

நிலத்தைக் கொடுத்ததில் ஓர் அறிவும் உண்டு. கையில் தரும் பொருள் ஒரு கோடையில் கரைந்துவிடும். நீர் பாயும் வயலோ ஆண்டுதோறும் விளைந்து, தந்தையை இழந்த பிள்ளை ஆளாகும்வரை சோறிடும். காவிரிக் கரையினருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அவ்வழக்கம் இன்றில்லை. அரசு தரும் ஓய்வூதியத்தோடு, மக்கள் தரும் கொடிநாள் நிதியும் அக்கடனைச் சுமக்கிறது. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்னும் மூன்று நிறங்கள் முப்படைகளைக் குறிக்கும். தமிழ்நாட்டில் மாவட்ட நிருவாகத்தின் வழியாக நிதி திரட்டப்படுகிறது. உதவி வேண்டுவோர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை நாடுவர்.

ஓய்வூதியம் இருக்க நிதி எதற்கு என வினவுவோர் உளர். சிப்பாயாகப் பணியாற்றியவர்க்குப் பொதுவாக 15 ஆண்டுகள் நிறைந்தால்தான் ஓய்வூதியம் உண்டு. அதற்கு முன்னரே ஊர் திரும்பியவர் முதுமையில் யாரை நாடுவார்? 65 வயதைக் கடந்த இத்தகைய வறியோர்க்கும் அவர்தம் கைம்பெண்களுக்கும் கொடிநாள் நிதியிலிருந்து திங்கள்தோறும் உதவித்தொகை வழங்கப்படுகிறது. தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதிகளில் சொந்த நிலமின்றிப் பிறர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் செல்வோர் மிகுதி. அறுவடை இயந்திரம் வந்தபின் அவ்வேலையும் சுருங்கிவிட்டது. அத்தகைய வீட்டில் இத்தொகைதான் அடுப்பை எரியச் செய்கிறது.

இத்தேவை குறையப் போவதில்லை. 2022இல் தொடங்கிய அக்னிவீரர் திட்டத்தில் சேர்வோருள் நான்கில் மூன்று பங்கினரேனும் 4 ஆண்டுகளில், ஒருமுறைத் தொகையுடன், ஓய்வூதியமின்றித் திரும்புவர். வயலுக்கும் கைப்பொருளுக்கும் உள்ள வேறுபாடு மீண்டும் முன்னிற்கிறது.

இந்நிதியின் உதவிகளுள் உதிரப்பட்டிக்கு நெருங்கியது பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையே. ஹவில்தாரும் அவருக்குக் கீழ்நிலையினருமாகப் பணியாற்றியோரின் பிள்ளைகள் இருவர்வரை, பட்டப்படிப்பு முடியும் மட்டும் அதனைப் பெறலாம். மகளின் திருமணத்திற்கும் உதவி உண்டு. ஆயினும் அது ஒரு நாளில் செலவாகிவிடும். கல்வியோ ஆண்டுதோறும் விளையும்.

குறை வேறோரிடத்தில் உள்ளது. மாவட்டத்திற்கு இவ்வளவு என இலக்கு வகுத்துத் திரட்டும்போது, கொடுப்பவர் அதனை மற்றொரு கட்டணமாகவே எண்ணிவிடுகிறார். சட்டையில் குத்திய கொடி மாலைக்குள் உதிர்ந்துவிடுகிறது; பணம் எவர் வீட்டை அடைந்தது என்பது தெரிவதில்லை. சென்ற ஆண்டு அம்மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் அந்நிதியால் படித்தனர் என்னும் கணக்கைக் கொடியோடு சேர்த்தே கொடுக்கலாம். வந்த கொடையையும் அதன் செலவையும் பெரிய கோயிலின் சுவரில் பொறித்துவைத்த ஊருக்கு இது புதிய வேலையன்று.