பல்லுக்கு அவசரம் ஆகாது

பல் வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டிக்கொண்ட மாணவர்கள் பலர் பல் வைத்தியரிடம், "இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சீக்கிரம் முடிந்துவிடாதா?" என்று கேட்கிறார்கள். இறுக்க இறுக்கப் பல் விரைந்து நகரும் என்பது அவர்கள் எண்ணம். இது சரியன்று.

பல், தாடை எலும்பில் ஆணிபோல் அறையப்பட்டதன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே சுமார் 0.2 மில்லிமீட்டர் பருமனுள்ள நார்த்திசு உண்டு. கம்பி மெல்லத் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் ஒருவகைச் செல்கள் எலும்பைக் கரைக்கின்றன. மறுபக்கத்தில் வேறுவகைச் செல்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. இவ்வாறு பல் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகர்கிறது. மிதமிஞ்சி அழுத்தினாலோ இரத்தக் குழாய்கள் நசுங்கி, அங்குள்ள செல்கள் மடிகின்றன. பல் நகர்வது தடைப்படும். வேர் தேயும் அபாயமும் கூடும். 1970களில் பல் வைத்தியத்துக்கு வந்த நிக்கல்-டைட்டானியம் கம்பி வரவேற்புப் பெற்றதும், மெல்லிய விசையை நெடுநாள் தரும் அதன் குணத்தால்தான்.

கம்பியை இறுக்கிய சில மணி நேரத்தில் தொடங்கும் வலி, மறுநாள் உச்சமடைந்து, பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். அதுவரை இட்லியும் குழைந்த சாதமும் உண்ணலாம். கன்னம் உராய்ந்து புண்ணானால், உறுத்தும் இடத்தில் வைத்தியர் தரும் மெழுகை ஒட்டலாம். வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிக்கலாம். கம்பி முனை குத்தினால் அதன்மீதும் மெழுகு வைத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்ல வேண்டும். நகவெட்டியால் நாமே வெட்டலாகாது. வெட்டுண்ட துண்டு தொண்டைக்குள் போய்விடலாம்.

ஆனால், வலியைவிட அஞ்சத்தக்கது வலிக்காத ஒன்று. நோகிறதென்று பல் துலக்காமல் விட்டால், கம்பியைச் சுற்றித் தங்கும் மாவுப் பண்டத்தையும் இனிப்பையும் பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலிலுள்ள தாது உப்புகளைக் கரைக்கிறது. ஒரு மாதத்திலேயே வெண்புள்ளிகள் தோன்றக்கூடும். கம்பியைக் கழற்றிய பிறகும் அவை பல்லாண்டுகள் நிற்கலாம். வரிசை நேராகி, பல் பழுதானால் என்ன பயன்?

எனவே ஒவ்வொரு முறை உண்ட பின்னும் வாய் கொப்பளியுங்கள். மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் பொறுமையாகத் துலக்குங்கள். முறுக்கையும் கரும்பையும் சிலகாலம் மறந்திருங்கள். அவற்றைக் கடித்துக் கம்பி பெயர்ந்தால் சிகிச்சை நீளும். ஒரு வாரம் கடந்தும் வலி குறையாவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். பெற்றோரும் "பொறுத்துக்கொள்" என்று தட்டிக்கழிக்கக் கூடாது.

எலும்பு தன் வேகத்தில்தான் வேலை செய்யும். அதை விரட்ட நம்மால் ஆகாது. அதன் வேலையைக் கெடுக்காமல் இருக்க நம்மால் நிச்சயம் முடியும்.